‘லாந்து’ இல்லாத தாய் சாலட்

சமைத்த சோற்றை விற்கிறவருக்குச் சோறு வெந்ததா என்ற ஒரு கவலைதான். வேகவைக்காத காயை விற்கிற என்னைப் போன்றவளுக்கு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்லியே வாய் வெந்துபோகும்.

திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சாலட் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், ஊரின் அந்தக் கோடியில் ஒரு பெரிய மாலில் இருந்த தாய்லாந்து ஓட்டலில் சமையல்கட்டு வேலை. அங்கிருந்த தாய்லாந்துக்கார அம்மாவிடம் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பப்பாளிக்காய் சாலட். காயை நூல் நூலாகச் சீவி, பூண்டு, பச்சை மிளகாய், காராமணி, தக்காளி, வறுத்த வேர்க்கடலை, சென்னாக்கூனி என்கிற பொடி இறால் கருவாடு, எலுமிச்சைச் சாறு, பனைவெல்லம் எல்லாவற்றையும் மர உரலில் போட்டு, மீனை உப்பில் ஊறவைத்து வடித்த சாறு கொஞ்சம் விட்டு, நசுங்கியும் நசுங்காமலும் இடித்துக் கொடுக்க வேண்டும். மாலில் அதைப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் தின்பார்கள். ஓட்டலை மூடிவிட்டார்கள். புளிப்பும் காரமும் கருவாடும் பிடிக்காத ஆள் நம் ஏரியாவில் உண்டா என்று நம்பி நானே கடை போட்டேன்.

நீங்களும் கடை வைத்து அவஸ்தைப்பட்டவர் என்றால், நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. ஒரே வித்தியாசம், உங்கள் கடைப் பெயரையாவது சரியாக எழுதியிருப்பார்கள்.

பாதிப் பெயர்

போர்டு எழுத கொருக்குப்பேட்டையிலிருந்து தாஸ் என்று ஒரு பெயின்டர் வந்தார். ‘தாய்லாந்து சாலட்’ என்று எழுதச் சொல்லி, அவரையே இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்துவிட்டு, கருவாடு வாங்கக் காசிமேட்டுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் போர்டில் கொட்டை எழுத்தில் ‘தாய் சாலட்’. லாந்து எங்கே என்றேன். இடம் போதவில்லை என்றார். லாந்துக்கு இடம் இல்லாத அதே போர்டில், பெரிய கொண்டை போட்ட ஒரு அம்மா இடுப்பில் குழந்தையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் எங்கிருந்து இடம் வந்தது?

தாய் என்றால் அம்மா இல்லை, அது ஒரு தேசம் என்று சொல்லிப் பார்த்தேன். தாஸ் பிரஷ்ஷைத் துடைத்துப் பைக்குள் வைத்தபடியே என்னை ஆறுதல்படுத்தினார். “லாந்துன்னு போட்டா நீ லாந்தர் வெளக்கு விக்கறேன்னு நெனச்சிப்பாங்கக்கா. தாய்னு போட்டுப் பாரு, கண்ணுல ஒத்திகினு வருவாங்க.”

வெறும் வயிறு

கண்ணில் ஒற்றிக்கொண்டு முதலில் வந்தவர் கன்னியப்பன் மாமா. ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் தெருமுனையில் மனைவி தனபாக்கியம், மகன், மருமகள் சங்கீதாவோடு இருக்கிறார். தினம் காலையில் பக்கத்துக் கடை டீயை வாங்கிக்கொண்டு என் கடையில் இருக்கிற ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். என் சாலட்டை ஒரு இழைகூட வாயில் வைத்ததில்லை. “பச்சையா துன்றதுக்கு நா இன்னா ஆடா?” என்பார்.

சாப்பிடத்தான் மாட்டாரே தவிர, சாப்பிட வருகிறவர்களை விடமாட்டார். “காலைல எயுந்ததும் மொதல்ல இன்னா பண்ணுவே?” என்று ஆரம்பிப்பார். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிற ஒரு பையன், பாவம், போன் பார்ப்பேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டான். வேப்பங்குச்சி, வெந்நீர், வெறும் வயிற்றில் வெந்தயம், மாமா கடற்கரையில் தினம் பின்பக்கமாக நடக்கிற நடை என்று அத்தனையும் கேட்டுவிட்டுத்தான் அவனால் எழுந்திருக்க முடிந்தது. உடம்புக்கு ஆகிற பழக்கமெல்லாம் தீர்ந்ததும் ஆகாத செடிகளுக்குப் போவார். எண்ணூரிலிருந்து மணலி வரைக்கும் எந்தச் சுவரோரம் எந்த விஷச் செடி முளைத்திருக்கிறது என்பது மாமாவுக்கு அத்துப்படி. எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும், ஊமத்தங்காய் தின்றவன் என்ன உளறினான், காட்டாமணக்குக் கொட்டையைக் கடலை என்று நினைத்துத் தின்றவர்கள் எப்படி வாந்தி எடுத்தார்கள், எல்லாம் சொல்வார். அதுவும் சரியாக யாராவது கடலையை மெல்லுகிற நேரம் பார்த்து.

ஒரு நாள் வங்கியில் வேலை செய்கிற பெண் ஒருத்தி ஸ்பூனை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தி, அப்படியே கீழே வைத்துவிட்டாள். நான் மாமாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கும் பாவமாகத்தான் போயிற்று போல. அந்தப் பெண்ணிடம் ரொம்ப அன்பாகச் சொன்னார். “நா சும்மா பொதுவா சொன்னேம்மா. நீ துன்னு பாப்பா, பயப்படாத துன்னு. ஆண்டவன் கீறான்.”

அலங்காரம்

தாய்லாந்தில் தட்டின் ஓரத்தில் பூ வைத்துத் தருவார்களாம். யாரோ போனில் காட்டியதை மாமா பார்த்துவிட்டார். மறுநாள் ஒரு கம்பெனியில் பிறந்தநாள் விருந்துக்கென்று ஆர்டர் வந்திருந்தது. தட்டுகளை மேசை நிறைய வரிசையாக அடுக்கிவிட்டு எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே போனேன். வெளியே வந்தால் ஒவ்வொரு தட்டிலும் சாலட்டின் உச்சியில் மஞ்சள் மஞ்சளாக ஒரு பூ. அரளிப் பூ! மணலி ரோட்டில் நடுத்திட்டில் வளர்ந்து நிற்கிறதே, அதேதான். துண்டு நிறையப் பறித்து வந்திருக்கிறார்.

நான் போட்ட கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. வேரிலிருந்து பூவரைக்கும் விஷம் மாமா, ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீர்களே, இது தெரியாதா என்று கேட்டால், விஷம் விதையில்தானே இருக்கிறது, பூ என்ன பண்ணும் என்கிறார். மொத்த சாலட்டையும் குப்பையில் கொட்டி, தட்டுகளைத் தேய்த்துக் கழுவி, கம்பெனிக்காரர்களிடம் தாமதத்துக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து இடித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருந்தது. மாமாவுக்கோ என் மேல்தான் வருத்தம். பெஞ்சில் உட்கார்ந்து கொட்டிய பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் கேட்டுவிட்டார். “கோயில்ல மாலையா கட்டிப் போடற பூவு. சாமியே ஏத்துக்குது, ஒன் சாலட்டு ஏத்துக்காதா?”

வெளியூர் கேஸு

மீன் சாறு பாட்டில் ஒன்று கை தவறிக் கீழே விழுந்து உடைந்தது. அந்த வாசனைக்குப் பழகாதவர்களுக்கு அது வாசனை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக, நான் துடைப்பத்தை எடுப்பதற்குள் எதிர்வீட்டில் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வெளியே ஓடி வரவேண்டுமா? எங்கேயோ கேஸ் லீக் என்று எவரோ கத்த, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பாதித் தெரு ரோட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஜனங்களைச் சொல்லிக் குற்றமில்லை. சுற்றிலும் ரசாயனத் தொழிற்சாலைகள், மூக்கை நம்பித்தான் இங்கே ராத்திரி தூங்குகிறோம்.

மீன் சாறுதான், மீன் சாறுதான் என்று துடைப்பமும் கையுமாக நான் கத்திக்கொண்டிருந்தேன். யாரும் காது கொடுக்கவில்லை. எந்தக் கம்பெனி கேஸ் என்பதில்தான் வாக்குவாதம். கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் துணியை இறக்கி, ஆழமாக இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “நம்ம மணலி கேஸு இப்டி நாறாது நைனா. இது வெளியூர் கேஸு.”

ஸ்பெஷல் பார்சல்

ஒரு நாள் சாயங்காலம் கன்னியப்பன் மாமா பெஞ்சில் உட்காராமல் கல்லாவுக்கு நேராக வந்து நின்றார். “வூட்டுக்கு ஒண்ணு கட்டு ரோசி. காரம் கம்மி.” எனக்குக் காதையே நம்ப முடியவில்லை. இத்தனை நாள் பெஞ்சைத் தேய்த்தவர் ஒருவழியாக வாங்குகிறாரே என்ற சந்தோஷத்தில் பப்பாளிக்காயை இரண்டு பங்கு சீவி, கடலையை அள்ளிப்போட்டு, இழை இழையாகப் பார்த்துப் பார்த்து இடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறப்பதற்குள் தனபாக்கியம் அக்கா வந்து நின்றார். பின்னாலேயே தலையைத் தொங்கப்போட்டபடி மாமா. அக்கா போட்ட சத்தத்திலிருந்துதான் எனக்கு விஷயமே புரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து சங்கீதா இப்போதுதான் உண்டாகியிருக்கிறாள். கண் பட்டுவிடும் என்று மூன்று மாதம் தாண்டுகிற வரைக்கும் வெளியே மூச்சுவிடவில்லை. மசக்கையில் புளிப்பாக ஏதாவது வேண்டும் என்று அவள் கேட்க, மாமனார் வாங்கிக் கொடுத்த பொட்டலத்தை அவள் ஒரு இழை மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறாள். இலையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா அது பப்பாளிக்காய் என்று கண்டுபிடித்திருக்கிறார். “எத்தினி கோயிலு ஏறி எறங்கிக் கெடச்ச புள்ள தெரியுமா? அதுக்கு மட்டும் ஏதாச்சும் ஆச்சு, ஒன்ன இந்த உரலோட கடல்ல தள்ளிருவேன்!”

பிள்ளை உண்டானவளுக்கு எந்த வீட்டிலாவது பப்பாளிக்காய் கொடுப்பார்களா? யாருக்கு என்று தெரிந்திருந்தால் நானே கொடுத்திருப்பேனா? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பரிசோதித்த டாக்டர், இப்போது பயப்பட எதுவும் தெரியவில்லை, இனி பிரசவம் வரைக்கும் காயாக இருக்கிற பப்பாளியைத் தொடக் கூடாது, வலியோ வேறு எதுவோ என்றால் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்தக் குழந்தை நல்லபடியாக வெளியே வருகிற வரைக்கும் எனக்குத் தூக்கம் ஏது? மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிற வழியில் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். தினம் என் எதிரில் உட்கார்ந்து நான் சீவுவதைப் பார்க்கிறீர்களே, அது என்ன காய் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா என்றேன். முட்டைகோஸ் என்று நினைத்தாராம். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, என் போர்டைக் கை காட்டினார். “பேரே தாய் சாலட்டு. படத்துல வேற இடுப்புல புள்ளயோட கீறா. புள்ளத்தாச்சிக்குத்தான் நீ ஸ்பெஷலா செய்றேன்னு நெனச்சேன்.”

கேட்கக் கூடாத கேள்வி

அதற்கப்புறம் எந்தப் பெண் கடைக்கு வந்தாலும், “மாசமா இருக்கீங்களா?” என்று கேட்காமல் உரலில் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். நீங்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள். கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்தவர்கள் கூட்டமாகத் திரும்பிப் போனார்கள். பேரன் பேத்தி எடுத்த ஒரு அம்மா வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். புதுசாகக் கல்யாணமான ஒருத்தியைக் கேட்டுத்தொலைக்க, கூட இருந்த மாமியார் ஆவலோடு அவள் பக்கம் திரும்பி, “ஆமாவாடி?” என்று ஆரம்பிக்க, அவள் என்னைப் பார்த்த பார்வையில் பப்பாளிப் பாலே திரிந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற ஒரு அக்கா. ஆள் நல்ல வாட்டசாட்டம். கேட்காமலேயே விட்டிருக்கலாம், ஆனால் சங்கீதா ஞாபகம் வந்துவிட்டது, கேட்டுவிட்டேன். ஏலம் விடுகிற அதே தொண்டையில் தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் வந்தது. “பத்து வருஷமா மாசமாத்தாம்மே கீறேன். எல்லாம் பிரியாணி!”

யார் தின்பது

கேட்பதை நிறுத்திவிட்டு போர்டிலேயே எழுதிவிடலாம் என்று தாஸைத் திரும்பக் கூப்பிட்டேன். விட்டுப்போன லாந்தைச் சேர்க்க வேண்டும், கர்ப்பிணிகள் பப்பாளிக்காய் சாலட் சாப்பிடக் கூடாது என்று கீழே எழுத வேண்டும். இதற்குமேல் தெளிவாக ஒருத்தி சொல்ல முடியாது. இந்தத் தடவை காசிமேட்டுக்குக்கூடப் போகவில்லை, உள்ளேதான் காராமணி நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால், படத்தில் இருக்கிற அம்மாவின் கொண்டை இடிக்கிறதென்று லாந்தை மறுபடியும் விட்டுவிட்டார். ‘கர்ப்பிணிகள்’ எழுதக் கஷ்டமாம், நீளமாம். அதனால் ‘தாய் சாலட்’ என்பதற்கு நேர் கீழே, சிவப்புப் பெயின்டில், ஆச்சரியக்குறியோடு இப்படி எழுதியிருந்தார்: ‘தாய்மார்கள் சாப்பிடக் கூடாது!’

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அன்றைக்கு முழுக்க வியாபாரம் இல்லை. போர்டுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கத்தான் கூட்டம். மாலில் சாலட்டைப் போட்டோ எடுத்தார்கள், இங்கே போர்டை எடுக்கிறார்கள். கேஸுக்குத் தீர்ப்புச் சொன்ன அதே ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, எழுத்துக்கூட்டிப் படித்து, இரண்டாம் தடவையும் படித்துவிட்டு என்னைக் கேட்டார். “தாய் சாலட்ட தாயே துன்னக் கூடாதுன்னா அப்பால யாரு துன்றது, நைனாவா?”

உதை

கன்னியப்பன் மாமா கடைப் பக்கம் வரக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. பெஞ்ச் காலியாகக் கிடந்தது. சொன்னால் வெட்கக்கேடு, அந்த விஷச் செடிக் கதைகள் இல்லாமல் எனக்குப் பொழுதே போகவில்லை. ஒவ்வொரு மாதமும் சங்கீதா செக்கப்புக்கு என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் வயிறு போன மாதத்தைவிடப் பெரிதாகியிருக்கிறதா என்று உரலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பேன். அவள் முகம் கொஞ்சம் வாடியிருந்தால் போதும், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வளைகாப்புக்குத் தெருவில் எல்லாரையும் கூப்பிட்டார்கள், என்னைத் தவிர.

வளைகாப்பு முடிந்த மறுநாள் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு அவளே வந்து கடை வாசலில் நின்றாள். பப்பாளி வேண்டாம், மாங்காயிலாவது கொஞ்சம் இடித்துக் கொடு என்றாள். முதலில் பெற்றெடுத்துவிட்டு வா தாயே, அப்புறம் உரலையே எடுத்துக்கொள் என்று விரட்டினேன். ஒரு பொடி மாங்காய்த் துண்டுகூடக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. போக மனமில்லாமல் நின்றவளிடம், உனக்கு என் மேல் கோபமில்லையா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு வயிற்றில் கை வைத்தாள். “நல்லா உதைக்குதுக்கா. அதுவும் ஒன் உரல் சத்தம் கேட்டுட்டா அதுக்குக் குஜால் தாங்கல.”

பப்பாளி தூக்கலா

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம் என்று ஆட்டோக்காரர்தான் வந்து சொன்னார். உரலைக் கட்டிக்கொண்டு அழுதேன். பச்சை மிளகாய் கை கண்ணில் பட்டுவிட்டது என்று பார்த்தவர்களிடம் சொல்லிவிட்டேன். கன்னியப்பன் மாமா அன்றைக்கே பழைய டீ கிளாஸோடு பெஞ்சுக்கு வந்து, பிறந்த குழந்தைக்கு என்னென்ன நல்ல பழக்கம் கற்றுத்தர வேண்டும் என்று ஆரம்பித்தார். முதல் தடவையாக முழுவதையும் காது கொடுத்துக் கேட்டேன்.

குழந்தைக்குப் பெயர் வைத்த கையோடு தனபாக்கியம் அக்கா கடைக்கு வந்தார். உரலோடு கடலில் தள்ளுவேன் என்ற வாய், இப்போது வாசலிலிருந்தே என் பெயரைச் சொல்லிச் சிரித்தது. அப்பாடா, பழி தீர்ந்தது என்று நான் மூச்சுவிட்டபோதுதான் அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களைக் கவனித்தேன். இரண்டு பேருக்கும் நிறைமாத வயிறு. “என் மருமவளுக்கு ஒரு சின்ன நோவு இல்ல, அப்டியே வயுக்கிகினு வந்துச்சாம் கொயந்த. எல்லாம் ஒன் கைராசி. இவளுங்களுக்கும் அதே மாதிரி இடிச்சிக் குடு ரோசி. பப்பாளி தூக்கலா!”

கத்தினேன். உரலைக் கவிழ்த்துப் போட்டேன். டாக்டர் அன்றைக்குச் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். சங்கீதா தப்பித்தது என் சாலட்டால் இல்லை, என் சாலட்டையும் மீறி என்றேன். எதுவும் ஏறவில்லை. கடைசியில் வெளியே இழுத்துவந்து, தாஸ் சிவப்புப் பெயின்டில் எழுதியதைக் காட்டினேன். அக்கா அதை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, குழந்தைக்குப் புத்தி சொல்வது போல என் தோளில் தட்டினார். “அது மத்தவங்களுக்கு எய்தினதும்மா. நாங்க ஒன் வாடிக்க.”

அந்த இரண்டு பெண்களுக்கும் எலுமிச்சை ஜூஸைக் கையில் கொடுத்துத் துரத்திவிட்டேன், அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருப்பவர்களையும் துரத்திக்கொண்டே இருக்கிறேன்; என் சாலட்டை அக்கா விஷம் என்று சொன்னபோது தெருவே நம்பியது, மருந்து என்று சொல்லும்போதும் தெருவே நம்புகிறது, அது வெறும் சாலட் என்று நான் சொல்வதைத்தான் இன்றுவரை ஒருத்தரும் நம்பவில்லை.